ஆராய்ச்சியும் மலைநாட்டு வாழ்வும்

உடப்புசல்லாவை மலைகளில் ஆண்டின் நடுப்பகுதி கடந்ததும் வறண்ட காற்று வீசத் தொடங்குகிறது. தேயிலைச் செடி அப்போது விரைவாக வளர்வதில்லை. கொழுந்து குறைகிறது, கூடையும் எளிதில் நிறைவதில்லை. ஆயினும் அந்தச் சில வாரங்களில் பறிக்கப்படும் கொழுந்தே சிறந்த மணத்தைத் தருகிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அறிவர். இலங்கைத் தேயிலை ஏழு பிரதேசங்களாகப் பிரித்து விற்கப்படுகின்றது. அவற்றுள் உடப்புசல்லாவை தனிப் பெயரோடு நிற்பதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணமாகும்.

வறண்ட காற்று வீசினால் தேயிலை மணக்கும் என்பது அனுபவம். அது ஏன் மணக்கிறது, எந்த அளவு வறட்சியில் மணம் கூடுகிறது, எந்த அளவைத் தாண்டினால் செடியே கருகிவிடுகிறது என்று கேட்டு, அளந்து, எழுதி வைத்து, வேறொருவரும் அவ்வாறே அளந்து பார்த்துச் சரியென ஒப்புக்கொள்ளும்படி செய்வது ஆராய்ச்சி. அனுபவம் ஒருவரோடு பிறந்து அவரோடு மறையக்கூடும். ஆராய்ச்சியோ ஒருவர் கண்டதைப் பலருக்கும் உரியதாக்குகின்றது. ஆராய்ச்சி என்றவுடன் வெள்ளை மேலங்கியும் கண்ணாடிக் குழாயும் பலர் நினைவுக்கு வருகின்றன. அவை கருவிகளே. கேள்வியை ஒழுங்காகக் கேட்பதும், விடை தம் விருப்பத்துக்கு மாறாக வந்தாலும் அதனை மறைக்காமல் சொல்வதும் ஆராய்ச்சியின் உயிர்நிலைகளாகும்.

மலைநாட்டின் வரலாறே ஒரு நோயைப் பற்றிய ஆராய்ச்சியோடு பிணைந்தது. இம்மலைகளில் முதலில் விளைந்தது தேயிலை அன்று, கோப்பி. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் துருப்பிடித்தாற்போன்ற செம்மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. சில ஆண்டுகளில் அந்நோய் தோட்டந்தோறும் பரவிற்று. மண்ணின் குற்றம் என்றார் சிலர். வானிலையின் குற்றம் என்றார் வேறு சிலர். 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலறிஞர் இதனை ஆராய்வதற்காக இலங்கைக்கு வந்தார்.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று மிக எளியது. பசைத்தன்மையுள்ள நீர்மம் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வந்து அவற்றில் ஒட்டுவதை நுண்ணோக்கியின் கீழ்ப் பார்த்தார். நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் விதை போன்ற நுண்தூள் அவற்றில் படிந்திருந்தது. நோய் மண்ணிலிருந்து எழவில்லை. இலையிலிருந்து இலைக்குக் காற்றில் பறந்து செல்கிறது என்பது தெளிவாயிற்று. இடையில் வேறு மரமே இன்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டு வைத்தது அந்தத் தூளுக்கு அகன்ற பாதை அமைத்துக் கொடுத்ததாகும் என்பதும் விளங்கிற்று. விடை சரியாக இருந்தது. ஆனால் அது கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பிந்திவந்த விடை பெரும்பயன் தராது என்பது மலைநாடு கற்ற முதற்பாடம்.

அந்தப் பாடத்தை மறவாமல் 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இன்று அது தளவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கி வருகின்றது. அந்நிலையத்தின் பழைய வெற்றிகளுள் ஒன்று, மருந்து எதுவும் தெளிக்காமல் பெற்ற வெற்றியாகும். தேயிலை இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுவொன்று தோட்டங்களைப் பாழாக்கி வந்தது. அப்புழுவின் உடலிலேயே முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவியொன்று ஜாவாத் தீவில் இருப்பது கண்டு, 1935, 1936ஆம் ஆண்டுகளில் அதனைக் கொணர்ந்து தோட்டங்களில் விட்டனர். குளவி பெருகிற்று, புழு அடங்கிற்று.

இக்கதைக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. பின்னாளில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்டிரின் என்னும் கடும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது, ஆனால் அடங்கியிருந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் தலைதூக்கியது. காரணம் தேடியபோது, நஞ்சு குளவியையும் கொன்றுவிட்டது தெரிய வந்தது. ஒரு துயரைத் தீர்க்க முயன்று, முன்பே தீர்ந்திருந்த துயரை மனிதர் மீண்டும் அழைத்து வந்தனர். ஆயினும் அந்தத் தவற்றைக் கண்டறிந்து வெளியிட்டதும் ஆராய்ச்சியே. தவறு செய்யாதிருப்பது அன்று, செய்த தவற்றை மூடி வைக்காதிருப்பதே அறிவுத்துறையின் பெருமை.

செடிக்கு வரும் நோயைவிட மனிதருக்கு வரும் நோய் கொடியது. நூறாண்டுக்கு முன் தோட்டத் தொழிலாளரை வாட்டிய நோய்களுள் கொழுக்கிப்புழு நோய் ஒன்று. இப்புழு ஈரமண்ணில் இளம்பருவத்தைக் கழித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுகின்றது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. நோயுற்றவர் வெளிறிப் போவார், மலையேற மூச்சு வாங்கும், வேலை குறையும். சோம்பேறி என்று வைத மேலாளரும் உண்டு. சோம்பல் என்று பெயரிடப்பட்டது உண்மையில் இரத்தச்சோகை என்பதை நுண்ணோக்கியே மெய்ப்பித்தது.

1916ஆம் ஆண்டில் அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு இந்நோயை ஒழிக்கும் இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆனால் சில மாதங்களில் அதே மனிதருக்கு அதே நோய் மீண்டும் வந்தது. மருந்து பொய்த்ததா? இல்லை. மலசலகூடம் இல்லாத லயங்களைச் சுற்றி இருந்த மண் மாறவில்லை. அம்மண்ணில் வெறுங்காலோடு நடக்க வேண்டிய நிலையும் மாறவில்லை. நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வாழும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்ற உண்மை இவ்வாறு புலனாயிற்று. அதே எண்ணம் வளர்ந்தே 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைந்தது. மருந்தகத்தில் நோயாளிக்காகக் காத்திராமல், வீடுவீடாகச் சென்று நோய் வராமற் காக்கும் முறை அங்கே தொடங்கிற்று.

இக்காலத்திலும் இந்தக் கேள்வி தீரவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்திரண்டு. உயரம் அளக்கும் கோலும் எடை பார்க்கும் தராசும் இதனைச் சொல்லிவிட்டன. ஆனால் ஏன் என்று கேட்டால் தராசு வாய் திறவாது. தாயின் உணவு எவ்வளவு? அவர் எத்தனை மணிக்குப் பிரட்டுக்களத்துக்குப் போகிறார்? குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சம்பளம் எதெதற்குச் செலவாகிறது? இவற்றைக் கேட்பதற்கு வேறொரு துறை வேண்டும். அதுவே சமூக விஞ்ஞானம்.

சமூக விஞ்ஞானத்தைக் கதை பேசுவதாக எண்ணுவோர் உளர். அது தவறு. அதற்கும் முறை உண்டு, கட்டுப்பாடு உண்டு. ஆவணங்களை ஒப்புநோக்குவது ஒரு முறை. மக்களிடையே நெடுங்காலம் தங்கி, அவர் மொழியிலேயே பேசி, கேட்டதை ஒழுங்குபடுத்துவது மற்றொரு முறை. மலையகத் தமிழர் பற்றி இவ்வாறு எழுந்த நூல்கள் பல. தோட்டப்புறக் கல்வி எவ்வாறு வளர்ந்தது, அதற்கும் அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை ஆஞ்செலா லிட்டில் என்னும் அறிஞர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். தோட்டப் பெண்களின் உழைப்பையும் வாழ்வையும் உடனிருந்து கண்டு மைத்ரி ஜெகதீசன் எழுதிய நூல் 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டில் ஸ்ரீமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோரின் குறையைத் தீர்க்க முற்பட்டது. இந்த ஆண்டுகளை அறியாமல் ஒரு குழந்தையின் உயரத்தையோ ஒரு பள்ளியின் நிலையையோ முழுமையாக விளக்க முடியாது.

பொறியியலுக்கு வருவோம். மலைநாட்டில் மழைக்காலத்து அச்சம் மண்சரிவு. இதனை ஆராயும் பணி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. சரிவின் கோணம், பாறையின் அமைப்பு, மண்ணின் ஆழம், நீர் வடியும் வழி, நிலம் பயன்படுத்தப்படும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து, ஆபத்து மிகுந்த இடங்களை அந்நிறுவனம் வரைபடங்களில் குறித்து வருகின்றது. மழையளவைக் கொண்டு எச்சரிக்கையும் விடுக்கின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருத்தல் வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தால், வெளியேறிவிடுதல் வேண்டும்.

150 மில்லிமீற்றர் என்பது ஒரு சாணைவிடக் குறைவு. ஒரு சாண் தண்ணீருக்கா ஊரைவிட்டு ஓடுவது என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். தோட்ட வீட்டுக்கென ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட ஏழு பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதன்மேல் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் இருபத்தாறாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழுகின்றது. அதன் எடை இருபத்தாறு தொன்னைத் தாண்டும். ஒரு வீட்டுக் காணிக்கே இவ்வளவு என்றால் ஒரு முழு மலைச்சரிவுக்கு எவ்வளவு! அந்நீரில் ஒரு பகுதி ஓடிவிடும். மற்றொரு பகுதி மண்ணுள் இறங்கும். இறங்கிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுகின்றது. அத்தோடு மண்துகள்களின் இடையே நிறைந்து அவற்றை விலக்கித் தள்ளி, ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகின்றது. பாரம் கூடிப் பிடி தளரும் வேளையில் சரிவு நகர்கிறது.

இத்தகைய அறிவு முன்பே இருந்தும் உயிர்கள் காக்கப்படாத ஒரு நாள் மலைநாட்டின் நெஞ்சில் ஆறாப் புண்ணாக உள்ளது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அன்று பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சேறு கிடந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பொறியியலின் விடை சரியாகவே இருந்தது. கோப்பி நோயின் விடையைப் போலன்றிக் காலத்திலும் வந்தது. பின் எங்கே தவறிற்று?

விடைக்கும் வீட்டுக்கும் இடையில் தவறிற்று. ஆபத்து என்று அறிந்தவுடன் எழுந்து போய்விடுவதற்கு மாற்று வீடு வேண்டும். அது வேலைத்தலத்துக்கு எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வாழ்பவருக்கு நிலவுரிமை இல்லை. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்க, ஒன்றை விட்டால் மற்றொன்றும் போய்விடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. கோயிலும் பள்ளியும் உறவும் அங்கேயே உள்ளன. எத்தனையோ முறை மழை பெய்தும் ஒன்றும் நேரவில்லை என்ற நினைவும் கால்களைப் பிடித்து நிறுத்தும். மண் எப்போது நகரும் என்பதைப் பொறியியல் சொல்லலாம். மனிதர் ஏன் நகரவில்லை என்பதைச் சமூக விஞ்ஞானமே சொல்ல வேண்டும். இவ்விரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசாவிடின் வரைபடம் ஒரு புறமும் லயம் ஒரு புறமுமாகவே இருக்கும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலைநாட்டின் பல இடங்களில் மலைகள் சரிந்தபோது இப்பாடம் இன்னும் முற்றாகக் கற்கப்படவில்லை என்பது துயரத்தோடு உணரப்பட்டது.

இக்காலத்து ஆராய்ச்சியில் நான்காவது துணையாக வந்திருப்பது கணினி மென்பொருள். இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். கண்ணுக்குப் புலப்படாத இப்பொருளும் மக்களின் கண்ணீரிலிருந்து பிறக்கக்கூடும் என்பதற்கு இலங்கையே சான்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபின், காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எவர் உளர், எங்கே உணவு மிகுந்துள்ளது, எங்கே மருந்து இல்லை என்பவை எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அப்போது இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் பலர் தாமாக முன்வந்து, சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினர். துயர்தணிப்பு எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அதற்குச் சஹன என்று பெயரிட்டனர். அதனை விலைக்கு வைக்கவில்லை. எவரும் எடுத்து, திருத்தி, பயன்படுத்தலாம் என்று உலகுக்கு அளித்தனர். 2005ஆம் ஆண்டில் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2010ஆம் ஆண்டில் ஹெயிட்டி பூகம்பத்தின்போதும் அது உதவிற்று. சமூகநலனுக்கான கட்டற்ற மென்பொருள் விருது 2006ஆம் ஆண்டுக்குரியதாக அதற்குக் கிடைத்தது. சிறிய நாடு பெற்ற துன்பம் பிற நாடுகளுக்கு உதவியாக மாறிற்று.

ஆயினும் மென்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. பதிவேட்டில் இல்லாத மனிதரைக் கணினி தேடாது. ஒரு பெயர் தமிழில் ஒருவிதமாகவும் வேறு மொழியில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டால் ஒரே ஆள் இருவராகிவிடுவார். தோட்டத்து முகவரிகளில் லயத்தின் இலக்கமும் வீட்டின் இலக்கமும் தெளிவாக இல்லாதபோது கடிதமே சென்று சேர்வதில்லை. எச்சரிக்கை எவ்வாறு சேரும்? ஆகவே பெயரையும் முகவரியையும் முறையாகப் பதிவதும் ஆராய்ச்சியின் அடித்தளமேயாகும்.

இனி, ஆராயப்படுபவரின் உரிமை பற்றியும் சொல்லுதல் வேண்டும். கையில் வினாத்தாளோடு எவரேனும் வாசலுக்கு வந்தால், அஞ்சிப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் கைதிகள்மேல் நடத்தப்பட்ட கொடிய சோதனைகளைக் கண்டு உலகம் நடுங்கியபின், 1947ஆம் ஆண்டில் நியூரம்பெர்க்கிலும், 1964ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியிலும் மருத்துவ ஆராய்ச்சிக்குரிய நெறிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் இன்றியமையா நெறிகளுள் ஒன்று சம்மதம். எதற்காக வந்தீர், விடையை என்ன செய்வீர், என் பெயர் வெளிவருமா என்று கேட்பது தோட்டத் தொழிலாளரின் உரிமை. வேண்டாம் என்று மறுப்பதும் உரிமை. இடையில் நிறுத்திக்கொள்வதும் உரிமை. மறுத்த காரணத்தால் வேலைக்கோ மருந்துக்கோ குறை வரலாகாது.

இன்னும் ஒன்று உண்டு. விடை கொடுத்தவருக்கே விடை திரும்பி வருதல் வேண்டும். மலையில் எடுத்த கொழுந்து கொழும்பு வழியாகக் கடல் கடந்து போகிறது. நல்ல தேயிலையை விளைவித்தவர் அதனை அருந்துவது அரிது. அறிவும் அவ்வாறே ஏற்றுமதிப் பொருளாகி, லயத்தில் கேட்டறிந்தது லயத்தவருக்கு விளங்காத மொழியில் எங்கோ அச்சேறி நின்றுவிடுமானால், அந்த ஆராய்ச்சி பாதிவழி வந்ததே ஆகும். ஒரு பக்க அளவிலேனும் எளிய தமிழில் எழுதி, பள்ளியிலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் படித்துக் காட்டினால் மீதிவழியும் கடந்துவிடும்.

அந்த மீதிவழியில் மலைநாட்டு மாணவரும் நடக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான ஒரு தகரக் குவளையை, மரநிழலும் கூரைநீரும் படாத திறந்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம். காலைதோறும் ஒரே நேரத்தில் அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் எழுதலாம். பக்கங்கள் நேராக இருப்பின் குவளை பெரிதோ சிறிதோ, நீரின் உயரமே மழையின் அளவு. எழுதியபின் நீரைக் கொட்டிவிட்டு மறுநாளுக்கு வைத்தல் வேண்டும். பெருமழை நாளில் மட்டும் மறுநாள் வரை காத்திராமல் அடிக்கடி பார்த்தல் வேண்டும். இது அரச அளவீட்டுக்கு மாற்று ஆகாது; ஆனால் 75 என்றும் 100 என்றும் வானொலியில் சொல்லும்போது அது எவ்வளவு என்று வீட்டார்க்குக் காட்டும்.

ஓராண்டு எழுதப்பட்ட அந்தக் குறிப்பேட்டில் உடப்புசல்லாவையின் வறண்ட காற்றும் மழைக்காலமும் எண்களாக நிற்கும். எந்த வாரத்தில் கொழுந்து மணத்தது என்று தாய் சொல்வதையும், எந்த இரவில் லயத்தின் பின்புறம் மண் வெடித்தது என்று பாட்டி சொல்வதையும் அவ்வெண்களின் அருகில் மாணவர் எழுதி வைக்கலாம். இவ்வாறு அளந்ததையும் கேட்டறிந்ததையும் ஒரே ஏட்டில் சேர்க்கும் பழக்கம் மலைநாட்டுப் பள்ளிகளில் வேரூன்றுமானால், அடுத்த எச்சரிக்கை வரும் இரவில், அதன் பொருளை உணர்ந்து மற்றவரையும் எழுப்பக்கூடியவர் ஒவ்வொரு லயத்திலும் ஒருவரேனும் இருப்பார்.